மெஷினுக்கு வைத்த பொட்டு

தெய்வநாயகத்துக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு.

முப்பது வருஷம் பாடம் நடத்தி, ஹெட்மாஸ்டராக ரிட்டயர் ஆன மனுஷர். உறையூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஜெசிந்தா லேசர் கட்டிங் சொல்லிக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், நேரே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். மாணவராக அவரிடம் ஒரே ஒரு குறை. கேள்வியையும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு அவளுக்கு போன் செய்தார்.

"டீச்சர், மெஷின் எழுந்திரிக்க மாட்டேங்குது. கொஞ்சம் வர முடியுமா?"

ஜெசிந்தா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஹாலில் ஜன்னல் ஓரமாக அவருடைய லேசர் மெஷின் இருந்தது. டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். மூடியில் மூன்று கோடாக விபூதி, மேலே சாமந்தி மாலை. அவர் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது, ஃபேன் இரைந்தது. கம்ப்யூட்டரில் 'தயாராகிறது' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான்.

"காலையிலேருந்து இதே கதைதான். நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். நெட்டை அணைச்சுப் போட்டேன். உள்ள போர்டு போச்சு டீச்சர், வேற ஒண்ணும் இல்ல."

"கேள்வியை மட்டும் சொல்லுங்க ஸார். பதில் இருக்கட்டும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இன்னைக்கே ஓடணுமா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"இன்னைக்கே ஓடணும்."

உள்ளே மனைவிக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினார்.

"காந்திமதிக்கு ஆறு மாசமா பார்வை இல்ல. சக்கரை கண்ணுல இறங்கிடுச்சு. நாளைக்குச் சமையலுக்கு ஒரு ஆள் வருது. பெங்களூர்ல இருந்து பொண்ணு ஏற்பாடு பண்ணிட்டா. 'அம்மா இன்னைக்கு ஒரு வேளை சமைச்சுக் காட்டட்டும், ஆளை வேண்டாம்னு சொல்லிடறேன்'ங்கிறா. இவளால முடியல. ஒரு டப்பாவுக்கும் இன்னொரு டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியல. 'வேற ஒருத்தி அடுப்படிக்குள்ள வந்துட்டா இந்த வீட்டுல நான் விருந்தாளிதாங்க, அப்புறம் எந்திரிக்கவே மாட்டேன்'னு நேத்து சொல்லிட்டு அழறா."

"அதுக்கு மெஷின் எதுக்கு?"

"மரத்துல எழுத்து வெட்டி டப்பா மேல ஒட்டப் போறேன். உப்பு, கடுகு, புளின்னு. தடவிப் பார்த்தா தெரிஞ்சுடும்ல?"

ஜெசிந்தா மெஷினைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப ஓடுச்சு?"

"முந்தாநாள். நேத்து ஆயுத பூஜை, தொடல. இன்னைக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் போட்டேன்."

மாலையை எடுத்து வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"ஸார், மூடிக்கு உள்பக்கம் கேமரா இருக்குல்ல? மூடினா அது வர்ற இடத்துல உங்க போனை வச்சு, கீழ்நோக்கி ஒரு போட்டோ எடுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"அதுக்கு என்ன தெரியுதுன்னு பார்ப்போம்."

எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படத்தைப் பார்த்தார். நடுவில் லேசர் இருக்கிற பாகம், ஹெட் என்பார்கள், அது தெரிந்தது. அதன் உச்சியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்ன அடையாளம் இருக்க வேண்டும். அங்கே சந்தனம் அப்பியிருந்தது. சந்தனத்தின் மேல் எட்டணா அகலத்துக்குக் குங்குமம்.

"அடடா!" என்றார். பிறகு கூச்சத்தோடு, "பார்க்க நெத்தி மாதிரி இருந்துச்சு டீச்சர். அதான் அங்க வச்சேன்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொட்டு லட்சணமாத்தான் இருக்கு ஸார். ஆனா அந்தக் கண்ணு தேடுறது அதுக்குக் கீழே இருக்கிறதை."

"தொடைச்சா தெய்வக் குத்தம் ஆயிடாதே?"

"வச்சது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

கொஞ்சம் யோசித்தார். துண்டின் நுனியை நனைத்துப் பதமாகத் துடைத்தார். விரலில் ஒட்டிய குங்குமத்தை மெஷினின் வெளிப்பக்கம், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில் இட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுபடி சுவிட்சைப் போட்டார்.

ஹெட் ஒரு முறை சிலிர்த்தது. மெல்ல இடது பக்கம் போனது, நின்றது. கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி நகர்ந்தது. மூடியிலிருந்த கண்ணுக்கு நேர் கீழே வந்து, அசையாமல் நின்றது. கம்ப்யூட்டரில் வட்டம் மறைந்தது.

தெய்வநாயகம் கண்ணாடி மூடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக மெஷின் வைத்திருக்கிறார். அது எழுந்திருப்பதை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் போய்க் காபி குடித்துவிட்டு வருவார்.

"எதைத் தேடிச்சு டீச்சர்?"

"தன்னைத்தான்."

"நேத்து எங்க இருந்தோம்னு அதுக்கு ஞாபகம் இருக்காதா?"

"கரண்ட்டோட ஞாபகமும் போயிடும். ஞாபகம் இருந்தாலும் நடுவுல யாராவது கையால நகர்த்தியிருக்கலாமே? நேத்து இருந்த இடம்னு நினைச்சு இன்னைக்கு வெட்டினா பலகை பாழ். அதனால தினமும் முதல்ல தான் எங்க நிக்கிறோம்னு பார்த்துக்கும். அது தெரிஞ்சப்புறம்தான் வேலை."

"தினமுமா?"

"தினமும்."

அவர் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் திரை விலகும்போது நிற்பாரே, அப்படி. பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஜெசிந்தாவுக்கே ஆச்சரியமாகிவிட்டது.

முதல் பலகையில் 'உப்பு' வெட்டினார். எழுத்துகளை ஒரு சின்னப் பலகைத் துண்டில் ஒட்டிக் காயவைத்து, அவளையும் அழைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

காந்திமதி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பலகையை வாங்கி விரலால் தடவினாள்.

"உப்பு," என்றாள். முகம் மலர்ந்தது. "வழவழன்னு அழகா இருக்குங்க."

"பன்னெண்டு டப்பாவுக்கும் இதே மாதிரி செஞ்சிடறேன். புது டப்பா, எல்லாம் ஒரே அளவு. அகர வரிசையில அடுக்கியிருக்கேன் டீச்சர், பாருங்க!"

அலமாரியில் பன்னிரண்டு எவர்சில்வர் டப்பா பளபளவென்று நின்றன. காலை அசெம்ப்ளியில் பிள்ளைகள் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

"ஏங்க," என்றாள் காந்திமதி. "நீங்களும் கண்ணை மூடிக்கிட்டு எனக்கு ஒரு கை வெந்தயம் எடுத்துக் குடுங்க, பார்ப்போம்."

"இதென்ன பிரமாதம்! 'வெ', கடைசிப் பக்கம்தான்." கண்ணை மூடி, தடவி, ஒரு டப்பாவைத் திறந்து அள்ளிக் கொடுத்தார்.

காந்திமதி முகர்ந்தாள். "இது மிளகு."

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். மிளகுதான்.

"எழுத்து ஒட்டியிருந்தா வந்திருக்காது," என்றார் அவசரமாக.

"எண்ணெய் காஞ்சு நிக்கிறப்ப ஒவ்வொரு டப்பாவா எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு இருக்கவா? வீடே புகைஞ்சு போயிடும்ங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பழசுல எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. உப்பு பீங்கான் ஜாடி. கடுகு, மூடி நசுங்கின டப்பா. புளி அந்த அகலவாய் பாட்டில். கண்ணு போனப்புறமும் ரெண்டு மாசம் ரசம் வச்சது யாரு? நான்தானே? நீங்க உதவி பண்ண ஆரம்பிச்சப்புறம்தான் எனக்குக் கை ஓடல."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவ்வளவு ஆசையா வாங்கிட்டு வந்து அடுக்கினீங்க. என்னன்னு சொல்லுவேன்?"

தெய்வநாயகம் அந்தப் பன்னிரண்டு டப்பாவையும் ஒரு முறை பார்த்தார். அவளுக்காகத்தான் எல்லாம் செய்தார். அவளுக்காகச் செய்ததே அவளை ஸ்டூலில் உட்கார்த்திவிட்டது.

"பழசெல்லாம் எங்க ஸார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பரண்ல."

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். ஜாடியும் பாட்டிலும் நசுங்கின டப்பாவுமாகக் கீழே வந்து சேர்ந்தன. புதியதில் இருந்ததை எல்லாம் பழையதில் மாற்றிக் கொட்டினார்கள். அவர் பழக்கதோஷத்தில் அடுக்கப் போனார். ஜெசிந்தா பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார்.

காந்திமதி எழுந்தாள்.

முதலில் சுவரின் விளிம்பைத் தொட்டாள். பிறகு மேடையின் ஓரம், பிறகு ஜன்னல் கம்பி. நடுவில் வந்து, ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். அதற்குப் பிறகு அவள் கை தயங்கவே இல்லை. ஜாடியை எடுத்தாள், வைத்தாள். பாட்டிலை எடுத்தாள், வைத்தாள். ஒன்றின் மேல் ஒன்று இடிக்கவில்லை, சத்தம்கூட வரவில்லை.

முப்பத்தைந்து வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டவர் அவர். அந்தக் கையை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அவரை அறியாமல் கண்ணில் நீர் வழிந்தது.

காந்திமதி லைட்டரை எடுத்தாள். கேஸைத் திருகினாள்.

தெய்வநாயகம் அடுப்புப் பக்கம் ஓடப் பார்த்தார். ஜெசிந்தாவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"டீச்சர், நெருப்பாச்சே! மெஷின் ஓடுறப்ப பக்கத்தை விட்டு ஒரு அடி நகரக் கூடாதுன்னு முதல் கிளாஸ்லயே சொன்னீங்களே. நான் இங்கயே நிக்கட்டுமா?"

"அது மெஷினுக்கு ஸார்," என்றாள் ஜெசிந்தா. "அம்மாகிட்ட எனக்குச் சக்கரை கம்மியா ஒரு டீ சொல்லிட்டு, நீங்க ஹாலுக்கு வந்து உட்காருங்க."