கஷாய அடுப்பில் படுத்த பூனை

ஆறு தன் இஷ்டத்துக்குக் கரை மாறி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மணலூர் நாட்டைக் குணவழுதி என்று ஒரு ராசா ஆண்டு வந்தாராம். நல்ல ராசாதான். ஆனால் கெட்ட சேதி மட்டும் அவர் காதுக்கு ஆகாது. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்கு விரலில் கிடக்கிற மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். கெட்ட சேதி கொண்டுவந்தவனுக்கு அன்றைக்கு அரண்மனைச் சோறு கிடையாது. அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

காய்ச்சல், பேதி என்று விழுகிற ஜனங்களுக்காக ராசா ஒரு வைத்தியசாலை கட்டி வைத்திருந்தார். அதற்கு அதிகாரி சிகாமணியார். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு விசாரணைச் சபையும் உண்டு. சபைக்குத் தலைவர் கிழத் தளபதி இடும்பனார். வருஷத்துக்கு ஒரு தடவை சபை புறப்படும். எப்படி என்கிறீர்கள்? முன்னால் யானை, யானைக்கும் முன்னால் முரசு! அதற்கு முந்தின வாரமே, "சபை வருது, சபை வருது" என்று தெருத்தெருவாகச் சொல்லியாகிவிடும். போவார்கள், பாயசத்தோடு சாப்பிடுவார்கள், "குறை ஒன்றும் இல்லை" என்று திரும்பி வந்து சொல்வார்கள். ஆளுக்கொரு மோதிரம்.

இந்தத் தடவை சபை புறப்படுகிற காலையில், பூவாத்தாள் என்கிற பெண் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மந்திரி செவ்வந்தியப்பர் வாசலில் வந்து நின்றாள். பிள்ளை உடம்பு அனலாகக் கொதித்தது.

"வைத்தியசாலைக்குப் போகலையாம்மா?"

"போனேன் சாமி. கட்டில் காலி இல்லை, சபை வந்துட்டுப் போகட்டும், அப்புறம் வான்னுட்டாங்க. காய்ச்சலுக்கு அது தெரியுமா? நேத்திலேர்ந்து புள்ளை பால் குடிக்கலை, அழக்கூட மாட்டேங்குறான்."

மந்திரி பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போடச் சொன்னார். "என் பின்னாலேயே வாம்மா" என்று நேரே ராசாவிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

அப்போது அங்கே இருந்த சிகாமணியாருக்கு மந்திரியைக் கண்டாலே வயிறு எரியும். "ராசா! ஊர்ல எந்தப் புள்ளை தும்மினாலும் மந்திரியாருக்கு என் ஞாபகம் வந்துடும். கட்டில் நிறைஞ்சு கிடக்குன்னா ஜனங்க நம்மளை நம்பி வர்றாங்கன்னு அர்த்தம். இது குறையா, பெருமையா?"

"பெருமைதான்!" என்றார் ராசா.

"அப்போ அந்தப் பெருமையை ராசாவே ஒரு தடவை கண்ணால பார்க்கலாமே?" என்றார் மந்திரி.

"பார்க்கட்டும். சபை குறை கண்டுபிடிக்கலைன்னா உமக்கு என்ன தண்டனை?" என்றார் சிகாமணியார்.

"மந்திரி வேலையை நீரே எடுத்துக்கும். நான் அரண்மனை ஆடு மேய்க்கிறேன்."

பந்தயம் என்றால் ராசாவுக்கு வெல்லம். "கிளப்புங்க யானையை!" என்றார்.

வைத்தியசாலைச் சுவரெல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. கட்டிலுக்குக் கட்டில் ஆள். கழுத்துவரை போர்வை, "அம்மா, அப்பா" என்று முனகல். பூவாத்தாளை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நிஜமாய் இருந்தவர் வைத்தியர் ஒருத்தர்தான். அவரும் பேசக்கூடாது என்று சிகாமணியார் உத்தரவு.

இடும்பனார் ஒவ்வொரு கட்டிலாய்ப் போய், "சௌகரியமா?" என்று கேட்டார்.

"ராசா புண்ணியத்துல ரொம்ப சௌகரியம்!"

"குறை ஒன்றும் இல்லை, ராசா!" என்று இடும்பனார் மீசையைத் தடவினார். சிகாமணியார் மந்திரி பக்கம் திரும்பி, ஆடு மாதிரி "மே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மந்திரியும் சிரித்தார். அவர் கண் மட்டும் கஷாய அடுப்பின்மேல் இருந்தது. அடுப்புக்குள்ளே ஒரு பூனை குட்டி போட்டுப் படுத்திருந்தது. வைத்தியசாலைக்கு வந்த விறகெல்லாம் சிகாமணியார் வீட்டு வெந்நீருக்குப் போய்க்கொண்டிருந்தால் பூனைக்கு என்ன பயம்?

"சிகாமணியாரே, இவங்களுக்கெல்லாம் என்ன நோய்?" என்று கேட்டார் மந்திரி.

"கடுங்காய்ச்சல்!"

"பாவம். என்ன வைத்தியம்?"

தெரிந்ததைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் சிகாமணியார் விடுவாரா? "முதல்ல பேதிக்குக் கொடுத்து வயித்தைக் கழுவணும். அப்புறம் மூணு நாள் லங்கணம். பருக்கைச் சோறு ஆகாது, வெறும் வெந்நீர்தான். அதுக்கு மேல நிலவேம்புக் கஷாயம்."

"அருமை! ராசா, சபை இதுவரைக்கும் கேட்டுட்டுத்தான் போயிருக்கு. இன்னிக்கு வைத்தியத்தையும் பார்த்துட்டே போகலாம். வைத்தியரே, எல்லாருக்கும் பேதி மருந்து கொடுங்க. காவலா, மூணு நாளைக்குக் கதவைப் பூட்டிடு!"

சட்டென்று முனகல் நின்றது. மூலைக் கட்டிலில் தொந்தி பெருத்த ஒருத்தன் எழுந்து உட்கார்ந்தான். அவன் சிகாமணியாரின் மைத்துனன்.

"மச்சான்! கறிச்சோறு போடறேன்னுதானே கூட்டியாந்தே? பேதி எங்க கணக்குலயே இல்லையே!"

அவ்வளவுதான். ஒருத்தன் ஜன்னல் வழியாக, ஒருத்தன் போர்வையோடு, ஒருத்தன் இடும்பனார் காலுக்கு நடுவில் புகுந்து என்று எல்லாரும் ஓடினார்கள். கட்டிலெல்லாம் காலி. ராசா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆஹா, மருந்து பேரைச் சொன்னதுமே குணமாயிடுச்சே!"

சிரித்துக்கொண்டே திரும்பினவர் வாசலைப் பார்த்தார். பூவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பிள்ளை துவண்டு கிடந்தான். ராசாவின் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது.

"உள்ளே வா தாயி," என்றார் ராசா. தன் கையாலேயே கட்டிலைத் தட்டிப் போட்டார்.

வைத்தியர் இப்போதுதான் வாய் திறந்தார். "புள்ளைக்குப் பட்டினி வேண்டாம் ராசா. கஞ்சித் தண்ணியும் கஷாயமும் போதும். அடுப்புத்தான் வேணும்."

ராசா சிகாமணியாரைப் பார்த்தார். "உம்ம பட்டு அங்கவஸ்திரத்தை விரியும். அந்தப் பூனையையும் குட்டிகளையும் அதுல அள்ளி வெளியே வையும். வச்சுட்டு வந்து ஊதும். இனிமே இந்த அடுப்புத்தான் உமக்கு அதிகாரம்."

சிகாமணியார் ஊதினார். கண்ணெல்லாம் புகை. இடும்பனார் மீசை தொங்கிப்போய் நின்றார்.

"மந்திரி, என்ன வேணும், கேளும்."

"சபைக்கு முரசு வேண்டாம் ராசா. சபை முதல்ல வாசல்ல நிக்கிறவங்களைக் கேட்கட்டும், அப்புறம் உள்ளே போகட்டும். பூவாத்தாளுக்கும் சபையில ஓர் இடம் கொடுங்க."

"எனக்கென்ன தெரியும் சாமி?" என்று கூசினாள் அவள்.

"கதவு சாத்தினா வெளியே எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமே அம்மா. இங்கே வேற யாருக்கும் அது தெரியாது."

கஷாயம் ஆறியதும் ராசாவே சங்கில் ஊற்றிப் புகட்டினார். பிள்ளை ஒரு வாய் விழுங்கினான். அடுத்த வாயை ராசாவின் ஜரிகைமேல் துப்பிவிட்டு, வீல் என்று அழுதான். "கசக்குது!"

அழுகையைக் கேட்டதும் பூவாத்தாளுக்கு உயிர் வந்தது.

ராசா ஜரிகையைத் துடைக்கவில்லை. "இந்த வைத்தியசாலையைப் பத்தி எனக்கு வந்த முதல் நிஜமான சேதி இதுதான்" என்று மோதிரத்தைக் கழற்றிப் பிள்ளை கையில் வைத்தார்.

மோதிரம் அவன் கட்டைவிரலுக்கே பெரிசு. அவன் அம்மா அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டாள். அவன் வைத்தியசாலை வாசலில் ஓடி விளையாடும்போதெல்லாம் அது மின்னுமாம்.