மூன்றாம் காட்சிக் கடிதம்

திருச்சி தென்னூரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாடகம் போடுகிற குழு ஒன்று இருந்தது. மேடை நிர்வாகம் ஜெசிந்தா. டைரக்டரைவிட அவளிடம்தான் நடிகர்களுக்குப் பயம். அவளிடம் வேலை பழக வந்தவர் வேலாயுதம், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சிஷ்யருக்கு இருபத்தாறு வயது அதிகம்.

நாடகத்தின் மூன்றாம் காட்சியில் கதாநாயகி ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுவாள். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக ஒன்று எழுதி உறையில் வைக்க வேண்டும். வேலாயுதம் தனியாகப் பொறுப்பேற்ற முதல் பகல் ஆட்டத்தில் உறை காலியாக இருந்தது.

நடிகை கோதை கெட்டிக்காரி. “என்ன எழுதியிருப்பார்னு எனக்குத் தெரியாதா?” என்று உறையையே கிழித்துப் போட்டாள். கைதட்டல் வேறு.

ஆட்டம் முடிந்ததும் நடந்ததை மேடை நிர்வாகி நோட்டில் எழுத வேண்டும். வெளியூர் போயிருந்த டைரக்டர் மாலையில் வந்து படிப்பார். வேலாயுதத்தின் பேனா நகரவில்லை.

“எழுதித்தான் ஆகணுமா மேடம்? பார்த்தவங்க யாருக்கும் தெரியல. டைரக்டருக்குத் தெரிஞ்சா மறுபடி வாசல்ல டிக்கெட் கிழிக்க அனுப்பிடுவார். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிச்சிருக்கு.”

ஜெசிந்தா அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவள் வேலை பழகிய வருஷத்து நோட்டு.

“இதுல ஒரு நல்ல நாள் கண்டுபிடிங்க சார்.”

அவர் புரட்டினார். மேடையில் போனை எடுத்த பிறகுதான் மணி அடித்தது, என் தவறு. நாற்காலிக் கால் ஆடியது, நான் பார்க்கவில்லை. திரை பாதியில் நின்றது. பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. இவளா இப்படி என்று அவருக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஒரு பக்கத்தில் முகம் மலர்ந்தது.

“‘குறை ஒன்றும் இல்லை.’ இதோ இருக்கே!”

“அன்னிக்கு செட்டுல கதவு கழண்டுடுச்சு. சின்னசாமி அண்ணன் அதைக் கையால பிடிச்சுக்கிட்டே வசனம் பேசினார். நான் பயந்துபோய் அப்படி எழுதிட்டேன். அடுத்த ஆட்டத்துப் பக்கம் பாருங்க.”

அடுத்த பக்கத்தில் இருந்தது: கதவு விழுந்தது. சின்னசாமி அண்ணனுக்குத் தோளில் மூன்று தையல்.

வேலாயுதம் நோட்டை மூடினார். தன் நோட்டைத் திறந்து எழுதினார்: ‘காட்சி மூன்று. உறையில் கடிதம் இல்லை. வைக்க மறந்தேன்.’ கையெழுத்தும் போட்டார்.

மாலையில் டைரக்டர் அதைப் படித்தார். முகம் சிவந்தது.

“ஏம்மா, அடுத்த ஆட்டத்துக்கு இவரை நம்பி எப்படி விடறது?”

வேலாயுதம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜெசிந்தா நோட்டை வாங்கி வேலாயுதத்தின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

“நீங்க இன்னிக்கு ஊர்லயே இல்ல சார். கடிதம் இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?”