ஒதுக்காத வாய்

ஒரு ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் இருந்தது. மெஸ்ஸுக்குப் பின்னால் கைகழுவும் குழாய். குழாய்த் தண்ணீர் வடிகிற இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியும், அதற்கு எதிரே ஒரு இட்லிப்பூச் செடியும் நின்றன.

செடி பேசுமா என்று கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறவை பேசாமல் வேறென்ன செய்யும்?

இட்லிப்பூவுக்கு வாயெல்லாம் தேன். யார் வந்தாலும் உட்காரவைத்து உபசாரம் பண்ணும். கறிவேப்பிலைக்கு வாயெல்லாம் காரம். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் எச்சில் இலையை மடித்து எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வந்து குழாயடிக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். விழுந்த வேகத்தில் இலை விரியும். சோறு போயிருக்கும், கூட்டு போயிருக்கும், ஓரத்தில் கறிவேப்பிலை மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். தன் இலையைத் தினம் தினம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அந்தப் பக்கம் ஒரு பட்டாம்பூச்சி வருவாள். கறுப்புச் சிறகு, அதில் சிவப்புப் பொட்டு. அதனால் செம்பொட்டு என்று பெயர். இட்லிப்பூவை அக்கா என்பாள், கறிவேப்பிலையை அத்தை என்பாள்.

செம்பொட்டு முட்டையிடும் பருவத்தில் இருந்தாள். பிள்ளைக்குப் பல் முளைக்குமுன் எது தோதாக இருக்கும் என்று பார்த்து, கறிவேப்பிலையின் உச்சிக் கொழுந்தில் இட்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். பிஞ்சுக் கொழுந்தின் மேல் ஆசை அவளுக்கு மட்டுமா? சமையல்காரப் பேச்சியக்காவுக்கும் கொழுந்துதான் வேண்டும். காலையில் வந்தாள், கைக்கு எட்டியதையெல்லாம் மளுக் மளுக்கென்று ஒடித்துக்கொண்டு போனாள். செம்பொட்டு பதறிக்கொண்டு ஜன்னல் வரைக்கும் பறந்தாள். உள்ளே எண்ணெயில் சடசடவென்று சத்தம் கேட்டது. பாவம், அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

வயிற்றில் இன்னும் ஒரே ஒரு முட்டை இருந்தது.

"அழாதட்டி," என்றது இட்லிப்பூ. "மொதல்ல ரெண்டு வாய் தேன் குடி. குடிச்சிட்டு, பிள்ளையை எங்கிட்ட விட்டுரு. என் பூவைத்தான் பறிப்பாங்க. இலையை எவளும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. நான் வளக்க மாட்டேனா உன் பிள்ளையை?"

தேன் உள்ளே இறங்க இறங்க, அக்கா சொல்வதுதான் சரி என்று பட்டது. "நமக்கு இத்தனை நாள் சோறு போட்ட இடம் இது. வேற எங்க போவ? இங்கேயே இடு," என்றது அவள் நாக்கு.

செம்பொட்டு ஒரு இலையில் இறங்கினாள். வழக்கம்போல முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பட்டாம்பூச்சிக்கு இலையின் ருசி கால் வழியாகத்தான் தெரியும். கால் சட்டென்று பின்வாங்கியது.

"இது ஆகாது," என்றது கால்.

"ஏன் ஆகாது? எவ்வளவு இனிப்பு!" என்றது நாக்கு.

"தேன் குடிக்கிறது இவ. பிள்ளை இலை திங்கப் பிறக்கிறவன். உன் வாய்க்குப் பிடிச்சதை வச்சு அவனுக்கு இடம் பாக்காத. இந்த இலையில ஒரு வாய்கூட அவனுக்கு எறங்காது. பிறந்த இடத்திலேயே பட்டினி கிடந்து போயிருவான்."

செம்பொட்டு இலையை விட்டு எழும்பினாள். "கோவிச்சுக்காதீங்க அக்கா," என்று சொல்லிவிட்டு எதிரே பறந்தாள்.

"வா தாயி, வா," என்றது கறிவேப்பிலை. "காலையில பேச்சி வந்து மொட்டையடிச்சா. மிச்சம் மீதியைப் பாக்க நீ வந்திட்டியாக்கும்?"

"கடைசி முட்டை அத்தை. ஒரு இலை குடுங்க."

"தேன் குடிக்க அங்க, பிள்ளையை வளக்க இங்க. நல்லா இருக்குட்டி உன் நியாயம்! சீராட்டுன எடத்திலேயே போடேன்."

சொன்னது உண்மைதானே. செம்பொட்டு தலையைக் குனிந்துகொண்டாள். "அங்க போட்டா செத்துருவான் அத்தை. அவனுக்கு நீங்க வேணும், இல்லன்னா உங்க சொந்தக்கார எலுமிச்சை வேணும். எலுமிச்சைக்கு நான் இங்க எங்க போவேன்?"

"என்னைத் திங்கவா ஒருத்தன் பொறக்கப் போறான்? ஏட்டி, போ! வாசத்துக்கு ஒரு கடி கடிப்பான், அப்புறம் ஓரத்துல ஒதுக்கிருவான். நான் பாக்காத வாயா?"

"ஒதுக்கவா?" செம்பொட்டுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல அத்தை. அவனுக்குச் சோறும் நீங்கதான், கொழம்பும் நீங்கதான். நடு நரம்பு வரைக்கும் தின்னுட்டு அடுத்த இலையைத் தேடுவான். வேற எதையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டான். நீங்க இல்லன்னா அவன் இல்ல."

கறிவேப்பிலை கிளையை அவள் பக்கம் சாய்த்தது.

"சோறா?" என்றது. "நானா?"

"நீங்கதான்."

"இன்னொரு தடவ சொல்லு."

"நீங்கதான் அத்தை சோறு."

கறிவேப்பிலைக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்க ஒரு அதட்டுப் போட்டது. "அப்போ புத்தியா பண்ணணும்லா! உச்சியில போட்டு எண்ணெயில பறிகொடுத்தியே, கூறுகெட்டவளே. கீழ பாரு. குழாய்க் கல்லுக்குப் பின்னால என் வேர்ல ஒரு கன்னு முளைச்சிருக்கு, தெரியுதா? பேச்சிக்கு முட்டிவலி, குனியவே மாட்டா. அதுல போடு."

செம்பொட்டு கல்லுக்குப் பின்னால் போனாள். காலால் தட்டிப் பார்த்தாள். "வீடு இதுதான்," என்றது கால். நாக்கு வாயைத் திறக்கவில்லை. இலையின் அடிப்பக்கம் கடைசி முட்டையை ஒட்டினாள், மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாக.

இட்லிப்பூவுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் நல்ல மனசு. "சிறகு முளைச்சதும் இங்க அனுப்பிவைங்க அத்தை. தேன் எடுத்து வைக்கேன்," என்று குரல் கொடுத்தது.

பிள்ளை பிறந்தான், தின்றான், வளர்ந்தான். வயிறு ரொம்பியதும் கல்லின் இடுக்கில் கூடு கட்டிக்கொண்டு தூங்கிப்போனான்.

ஒருநாள் கரண்டி கழுவ வந்த பேச்சியக்கா அதைக் கை தவறிக் கீழே போட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடி குனிந்தவள், கன்றைப் பார்த்து வாயில் கை வைத்தாள். காம்பும் நரம்பும்தான் நின்றன.

"யாத்தே! இப்படி ஒண்ணு விடாம வழிச்சுத் தின்னது யாரு?"

அதே நேரம் ஒருவர் எச்சில் இலையைத் தொட்டியில் போட்டார். ஓரத்தில் கறிவேப்பிலை ஒதுங்கிக் கிடந்தது. கறிவேப்பிலைச் செடி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எம் பிள்ளை," என்றது.