தங்காயி பெருக்காத மூலை

ஒரு ஊர்ல ஒரு தங்காயி இருந்தாளாம். ‘ம்’ கொட்டிக்கிட்டே கேளு வஞ்சி. நீ பாட்டுக்குத் தூங்கிட்டா, கரடி வர்ற இடத்தை இந்தப் பெரியம்மா யாருக்குச் சொல்றதாம்? கரடி வரும், வரும். அவசரப்படாதே.

ஊருன்னா மலை மேல ஊரு. மேகம் சன்னல் வழியா உள்ள வந்து, அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துட்டுப் போகும். அங்க காத்துன்னா அப்படி ஒரு காத்து. ஊஊஊன்னு மலை இறங்கி வந்து, தங்காயி வீட்டுத் தகரக் கூரையைப் படபட படபடன்னு ஆட்டி, அப்படியே தூக்கிட்டுப் போயிடுச்சு. கூரை போய் உருளைக்கிழங்குத் தோட்டத்துல உக்காந்துக்கிச்சு. அடுத்த வருஷமும் அதே கூத்துதான்.

அப்போ அவ புருஷன் சடையன் சொன்னான், "இன்னொரு தடவை கூரை பறந்துச்சுன்னா மூட்டையைக் கட்டிருவோம் புள்ள. கீழ எங்க அக்கா ஊருக்கே போயிடலாம்."

 தங்காயி பொறந்து வளர்ந்த மலை அது. அதை விட்டு எங்க போவா, பாவம்? "பொறுய்யா, காத்துக்குக் குறுக்க மரத்தை நிறுத்திக் காட்டறேன்"னு, வீட்டுக்கு மேல சரிவு பூரா பைன் கன்னு நட்டா. பைன் தெரியும்ல? இலையெல்லாம் ஊசி ஊசியா இருக்குமே, அதான்.

ம்.

ஆனா தங்காயிக்கு ஒரு வியாதி. தரையில தூசி கிடந்தா அவளுக்குச் சோறு இறங்காது. மரத்துல இருந்து காஞ்ச ஊசி ஒண்ணு விழுந்துரக்கூடாது, விளக்குமாறைத் தூக்கிருவா. சரக் சரக் சரக். எல்லாத்தையும் அள்ளிக் கொண்டுபோய் ஓடைப் பக்கம் கொளுத்திருவா. காட்டையே பெருக்கறவளை நீ பார்த்திருக்கியா? மேல் மூலையில ஒரு பாறைப் பொந்து, கன்னு நட்டப்புறம் அதுக்குள்ள ஒரு கரடி வந்து குடியேறிடுச்சு. அந்த மூலைப் பக்கம் மட்டும் போக மாட்டா. பயம்!

அப்புறம் பார்த்தா, மரமெல்லாம் ஆள் உசரம் வந்ததும் அப்படியே நின்னுபோச்சு. இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாச்சு. தங்காயி பதறிப்போய், ஆட்டுப் புழுக்கை, கோழி எரு, கடையில விக்கற வெள்ளை உரம், எல்லாத்தையும் கூடை கூடையாக் கொட்டினா. அம்மாடி! விர்ர்ர்னு வளர்ந்துச்சு பாரு! சடையன் வாயைப் பொளந்துட்டான். ஆனா வளர்ந்ததெல்லாம் நெட்டையா, ஒல்லியா, தெம்பே இல்லாம. சும்மா ஒரு சின்னக் காத்து வந்துச்சு. படக்! மடக்! பாதி மரத்துக்குத் தலை போச்சு. மிச்ச உரத்தை மழை கழுவி ஓடையில விட்டுருச்சு. பழையபடி மஞ்சள்.

அப்போதான் தங்காயி மேல் மூலையை நிமிர்ந்து பார்த்தா. கரடிப் பொந்தைச் சுத்தி நின்ன மரம் மட்டும் குண்டு குண்டா, கரும்பச்சையா நிக்குது! உள்ள கரடி தூங்குது, கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்...

"ஓகோ, குறட்டைதான் மருந்து!"ன்னா தங்காயி.

சிரிக்காதே, அவ நெசமாவே நம்பினா. சடையனை இழுத்துட்டு வந்து மஞ்சளாப் போன மரத்தடியில படுக்கப் போட்டா. குறட்டையில அவனை அடிச்சுக்க ஆளே இல்ல. கொர்ர்ர்ராங்! கொர்ர்ர்ராங்! மலையே அதிருது. மரம் ஒரு விரக்கடை கூட வளரல. கரடிதான் எந்திரிச்சு வந்துருச்சு.

"யாருய்யா அது, மனுசனைத் தூங்க விடாம?"ன்னுச்சு கரடி.

"நீ மனுசனா?"ன்னான் சடையன், எந்திரிச்சு ஓடிக்கிட்டே.

தங்காயி ஓடல. அங்கயே நின்னு கேட்டுட்டா. "கரடியாரே, உங்க மரத்துக்கு மட்டும் என்ன போடறீங்க?"

"நானா? ஒண்ணும் போடல. ஒண்ணும் எடுக்கவும் இல்ல. படுத்துக் கிடக்கறேன்."

தங்காயி மெல்லப் போயி மூலையில உக்காந்து, கையை விட்டுப் பார்த்தா. மேல காஞ்ச ஊசி, மெத்துமெத்துன்னு. கீழ பாதி மக்கின ஊசி. அதுக்கும் கீழ கறுப்பா, ஈரமா மண்ணு. மண்ணு பூரா வெள்ளை வெள்ளையாக் காளான் நூலு, அது போய் வேரைச் சுத்திக்கிட்டு ஊட்டிவிடுது. மரம் உதிர்த்ததை மண்ணு தின்னு, மண்ணு செமிச்சதை மரம் தின்னுது.

"ஐயோ! பெருக்கறேன் பெருக்கறேன்னு என் புள்ளைங்க சோத்தையில்ல வாரிக் கொட்டியிருக்கேன்!"னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா தங்காயி.

கரடிக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. "சரி சரி, ஒரு கூடை மண்ணு அள்ளிக்கோ. அழாமப் போ, எனக்குத் தூக்கம் வருது."

அந்த மண்ணை மரத்துக்கு மரம் ஒரு பிடி தூவிட்டு, விளக்குமாறை வீட்டோட நிறுத்திக்கிட்டா. ஊசி விழுந்துச்சு. அவளுக்குக் கை துறுதுறுன்னுச்சு. இன்னும் விழுந்துச்சு. ராத்திரி தூக்கம் வரல. கையை இடுப்புல சொருகிக்கிட்டு முணுமுணுன்னு நடந்தா, பெருக்கல. மரம் மெதுவாத்தான் வளர்ந்துச்சு, ரொம்ப மெதுவா. அதுவரைக்கும் கூரை மேல பாறாங்கல்லை வெச்சு ஒப்பேத்தினாங்க. சடையனுக்கு ஒரு நாலு முடி நரைச்சும் போச்சு.

ம்?

அப்புறம் ஒரு நாள் அந்தப் பெரிய காத்து வந்துச்சு. ஊஊஊஊ! கூரை மேல இருந்த கல்லெல்லாம் உருண்டுருச்சு. சடையன் மூட்டையைக் கட்டி மடியில வெச்சுக்கிட்டான். தங்காயி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டா. காத்து வந்து மரத்துக்குள்ள நுழைஞ்சுது, ஊசிக்குள்ள சிக்குச்சு, ஹுஷ்ஷ்ஷ்ஷ்... அவ்வளவுதான். தகரம் ஒரே ஒரு தடவை டக்குன்னுச்சு. சும்மா இருந்துருச்சு.

சடையன் மூட்டையை அவுத்து, துணியை எடுத்துக் கொடியில போட்டான்.

விடிஞ்சதும் தங்காயி காட்டுக்குப் போனா. காத்து உதிர்த்த ஊசி கணுக்கால் வரைக்கும் கிடக்கு. பார்த்துக்கிட்டே நின்னா. அப்புறம் மெல்ல உக்காந்தா. அப்புறம் அது மேலயே படுத்துட்டா. தலையில ஒரு ஊசி விழுந்துச்சு, மூக்கு மேல ஒண்ணு விழுந்துச்சு. தட்டிவிடல. அப்படியே தூங்கிப்போனா, பகல்ல, அவ வாழ்க்கையில மொதத் தடவையா.

இங்கயும் தரை பூரா உன் பொம்மை கிடக்கு, வஞ்சி. கிடக்கட்டும் போ. பெரியம்மாவும் உன் பக்கத்துலயே படுத்துக்கறேன். கதை கண்ணை மூடிருச்சு, நீயும் மூடு.