பொத்தைக்கோட்டைக் கதவைத் திறந்தவன்

ஒரே ஒரு ஊர்ல ஒரு பொத்தை. பொத்தைன்னா மலைக்குத் தம்பி மாதிரி, சின்னப் பாறைக்குன்று. அது உச்சியில ஒரு கோட்டை. இப்போ பாதிச் சுவர்தான் நிக்குது. ஆனா அந்த வாசல் இருக்கு பாரு தாயி, யானை மேல ஒரு ஆள் உட்கார்ந்து, குடையும் பிடிச்சுக்கிட்டுப் போனாக் குடை இடிக்காது. ம் சொல்லு. நீ சொன்னாத்தான் கதை நகரும்.

ம். அந்தக் காலத்துல ஒரு தளவாய் பெரும் படையோட வந்து கோட்டையைச் சுத்தி வளைச்சான். மேல கோட்டைக்காரங்க, கீழ பாளையம் இறங்கின படைக்காரங்க. கீழயிருந்து பீரங்கி டமார் டமார்னு வெடிக்கும், மேலயிருந்து பாறை கடகடன்னு உருளும். மூணு மாசம். மேல தண்ணி வத்தி, பிள்ளைங்க சாக ஆரம்பிச்சுது. அப்புறம் ஒரு நாள் உச்சி வெயில்ல கோட்டைக் கதவு கிரீ...ச்சுன்னு திறந்துச்சு. சண்டை முடிஞ்சு போச்சு.

முடிஞ்சா எங்க போவாங்க? அங்கேயே குடியிருந்துட்டாங்க. கோட்டைக்காரங்க வம்சம் கோட்டைத்தெரு, படைக்காரங்க வம்சம் பாளையத்தெரு. இன்னிக்கும் ஒரு தெருக்காரன் இன்னொரு தெருப் பந்தியில கை நனைக்க மாட்டான். ஆனா ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு தெருவும் ஒண்ணு. வாசல் காவக்காரன் சிவனைஞ்சான் நிலத்துக்கு ஆசைப்பட்டுத் தன்னந்தனியாக் கதவைத் திறந்துட்டான்னு. கோட்டைத்தெரு அவனைத் துரோகின்னுச்சு. பாளையத்தெரு அவனாலதான் ஜெயிச்சுது, அதுவும் அவனை அண்டவிடல. அவன் வம்சம் ஊருக்கு வெளியே ஒத்தை வீடு.

அந்த வீட்டுல உலகம்மான்னு ஒரு பொண்ணு. அஞ்சாங்கிளாஸ். அப்போ பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ரெஜினா டீச்சர் வந்தாங்க, தூத்துக்குடிக்காரங்க. சண்டைப் பாடம் வந்ததும், ரெண்டு பக்கத்து நியாயத்தையும் பிள்ளைங்க வாயாலயே கேப்போம்னு, அவங்கவங்க பக்கமாப் பிரிஞ்சு உட்காரச் சொன்னாங்க. சரசரன்னு பிரிஞ்சாங்க. உலகம்மா மட்டும் நடுவுல நிக்கா. இந்தப் பக்கமும் நகர்ந்து இடம் குடுக்கல, அந்தப் பக்கமும் குடுக்கல. கோட்டைத்தெரு மாசானம் வாயாலயே கிரீ...ச்சுன்னான். வகுப்பே சிரிச்சுச்சு. சிரிச்சவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும்.

அன்னிக்கு உலகம்மா வீட்டுக்கு வந்து, இனிமே பள்ளிக்கூடம் போகலன்னு சொன்னா. அவ அப்பன் ஆவுடையப்பன் பீடி சுத்திக்கிட்டு இருந்தான். திட்டல, ஏன்னும் கேக்கல. தட்டை அவ பக்கம் தள்ளினான்.

"நானும் அந்தப் பாடத்தோடதான் நின்னேன். உட்காரு, இலை வெட்டு."

தூங்கிட்டியா? ம். சரி.

டீச்சர் வீடு தேடி வந்துட்டாங்க. மூணு நாள் குடுங்க, அதுக்கப்புறமும் அவ வரலன்னா நான் கேக்கலன்னாங்க. மூணு நாள்ல எங்க வீட்டுப் பேரு மாறிருமா டீச்சர்னு கேட்டான் ஆவுடையப்பன். ஆனாலும் சரின்னான்.

மொத நாள் கோட்டைத்தெருப் பெரியவர்கிட்ட போனாங்க. பேர் சொல்ல மாட்டேன், அவரு பேரன் இப்பவும் பஞ்சாயத்துல இருக்கான். சிவனைஞ்சான் எப்படித் திறந்தான், எப்படிச் சிரிச்சான்னு கூட இருந்து பார்த்த மாதிரி சொன்னாரு. பார்த்தது யாருன்னு டீச்சர் கேட்டாங்க. ஊருக்கே தெரியும்னாரு.

ரெண்டாம் நாள் பாளையத்தெரு வெங்கட்டம்மாகிட்ட போனாங்க. அந்தக் கிழவி, எங்க ஆளுகளுக்கு அது யாரு சண்டைன்னே தெரியாது, கஞ்சி ஊத்துறேன்னு கூட்டிட்டு வந்தாங்க, பாறை விழுந்து செத்ததைவிடக் காய்ச்சல்ல செத்தவங்கதான் அதிகம்னா. கதவு திறந்தப்போ உள்ள நின்னது யாருன்னு கேட்டா, ஒரே புழுதி, யாருக்குக் கண்ணு தெரிஞ்சுது, கோட்டைக்காரங்க சொன்னதுதான்னுட்டா.

அப்புறம் மூணாம் நாள். டீச்சர் ரெண்டு தெருப் பிள்ளைங்களையும் பொத்தைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உலகம்மாவும் கடைசியா வந்தா. தடதடன்னு ஏறினவங்க வாசலைப் பார்த்ததும் கப்சிப். அண்ணாந்து பார்த்தாத் தலை சுத்துது. ரெண்டு பக்கச் சுவர்லயும் ஒரு குழி, நீ உள்ள தவழ்ந்து போயிரலாம் தாயி. கதவை அடைச்சு அந்தக் குழியிலதான் குறுக்குமரத்தைச் செருகுவாங்க. அந்த மரம் வாசல் ஓரத்துலயே கிடக்கு. வைரம் பாஞ்ச மரம், ஆள் இடுப்புத் தண்டி, இரும்புப் பட்டை போட்டது. பொத்தைத் திருவிழாவுக்குப் போற ஊர் முழுக்க அதைத் தாண்டித்தான் போகுது. ஒருத்தனும் அதைத் தொட்டுப் பார்த்ததில்ல.

டீச்சர் ஒண்ணுதான் சொன்னாங்க. இதைத் தூக்குனாத்தான் கதவு திறக்கும், சிவனைஞ்சான் மாதிரி ஒத்தை ஆளாத் தூக்கிக் காட்டுங்க.

மாசானம் உள்ளங்கையில துப்பிக்கிட்டு வந்தான். ம்ம்ம்ம்னு முக்கினான். எறும்பு முக்கின மாதிரி இருந்துச்சு. கோட்டைத்தெருப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்தாங்க. அசையல. பாளையத்தெருவும் கை குடுத்துச்சு. ஒரு நூல் அசைஞ்சு, தொம்முன்னு படுத்துக்கிச்சு.

பிள்ளைங்களைத் தேடிப் பெரியவங்க மேல வந்தாங்க. அந்தக் கோட்டைத்தெருப் பெரியவரும் வந்தாரு. இவ்வளவுதானான்னு நாலு ஆம்பளைங்க வேட்டியை மடிச்சுக் கட்டினாங்க. முடியல. எட்டு பேர். முடியல. பன்னிரண்டு பேர் ஆனாங்க, பெரியவரும் அதுல ஒருத்தரு. ஹோய்னு ஒரே மூச்சு, மரம் நெஞ்சு மட்டத்துக்கு வந்துச்சு. நரம்பு புடைக்குது, கால் நடுங்குது. அவ்வளவு பெரிய மரம் ஆகாயத்துல நிக்குது தாயி.

அப்போ பின்னாடி நின்ன உலகம்மா முன்னால வந்தா. மெதுவாத்தான் கேட்டா.

"அப்போ மத்த பதினோரு பேரு யாரு?"

ஒருத்தனாலயும் கையை எடுக்க முடியல. எடுத்தா அடுத்தவன் கால் போயிரும். மரத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்காங்க. தண்ணி வத்தி, பச்சப் பிள்ளைங்களைப் பறிகொடுத்து, போதும்னு கோட்டையே சேர்ந்து திறந்த கதவுன்னு அப்பதான் அவங்களுக்கு உறைச்சுது. அத்தனை பேரும் திறந்துட்டு, ஒருத்தன் தலையில போட்டிருக்காங்க. அப்புறம் மெல்ல இறக்குனாங்க. தொம். பொத்தையே அதிர்ந்துச்சு.

பெரியவர் துண்டை உதறிக்கிட்டு இறங்கிப் போனாரு. கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. அது எனக்கு மறக்காது.

ஆனா பிள்ளைங்க போகல. மாசானம் உலகம்மா பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, ஒருத்தரு எங்க தாத்தாவுக்குத் தாத்தான்னான். உடனே இன்னொருத்தி, எங்க தாத்தாவும்னா. மூணு, நாலு, அஞ்சுன்னு ஓடி வந்தாங்க. பாளையத்தெருப் பையன் ஒருத்தனும் வந்தான். நீங்க வெளிய நின்னவங்கடா, உங்களுக்கு இதுல இடம் கிடையாதுன்னு அவனைத் தள்ளிவிட்டாங்க. அவன் அழுதுட்டான். உலகம்மாதான் சிரிச்சு, பிடிக்க ஒரு ஆள் குறையுது, வரட்டும்னா.

மறுநாள் காலையில ஆவுடையப்பன் பீடித் தட்டைக் கூரை எரவாணத்துல செருகிட்டு, மகளைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டு போய் விட்டான்.

ம்? சத்தமே இல்ல. அந்தக் கதவு இன்னும் திறந்துதான் கிடக்கு தாயி, யாரும் அடைக்கல. நீ கண்ணை மட்டும் அடைச்சுக்கோ. கதை ஆச்சு.