வேங்கைக் கன்றும் உண்ணிப் புதரும்

குருவிக்கரடு என்ற சிறு குன்றில் ஞாயிற்றுக்கிழமை தோறும் உண்ணிச்செடி பிடுங்கும் கூட்டம் ஒன்று உண்டு. சம்பளம் கிடையாது. டீயும் வடையும் உண்டு, அதுவும் யாராவது வாங்கி வந்தால்.

கூட்டத்துக்குத் தலைவி அமலோற்பவம் டீச்சர். அடிவாரத்து ஊரில் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவர். வாரம் முழுக்கப் பேசித் தீர்த்துவிடுவதாலோ என்னவோ, கரட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். கேள்வி கேட்டால் பதிலைத் தேடுவதற்கு முன் கடப்பாரையைத் தேடுவார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் சௌந்தரபாண்டி. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட நன்றாகவே மூத்தவர். சீடர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் டீச்சர் பின்னாலேயே அலைகிறவரை வேறு எப்படிச் சொல்வது?

உண்ணி பார்க்க அழகான செடி. மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும். கறுப்பாகப் பழுக்கும். குருவிகள் பழத்தைத் தின்று கரடெங்கும் விதைத்துவிடும். ஒரு இடத்தில் கால் வைத்துவிட்டால் மற்றச் செடி எதையும் எழ விடாது. குருவிக்கரட்டில் ஒரு காலத்தில் வேங்கை, உசிலை, கடுக்காய் மரங்கள் நின்றன என்பது இப்போது யாராவது சொன்னால்தான் தெரியும்.

முதல் ஞாயிறு சௌந்தரபாண்டி அரிவாளை எடுத்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு புதரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் ஒரு பக்கத்தையே மொட்டை அடித்துவிட்டார்.

"எப்படியிருக்கு டீச்சர்?"

"மழை வரட்டும்ணே," என்றார் டீச்சர்.

மழை வந்தது. ஒற்றைத் தண்டை வெட்டிய கட்டையில் இப்போது ஒரு குடும்பமே குடியேறியிருந்தது. சௌந்தரபாண்டி இடுப்பில் கை வைத்து நின்றார்.

டீச்சர் கடப்பாரையோடு வந்தார். தண்டு வேராக மாறும் இடத்தில் முடிச்சுப் போல ஒரு முண்டு இருந்தது. மண்ணைப் பறித்து, அதற்குக் கீழே வெட்டினார். புதரை அப்படியே தூக்கி, வேர் வானத்தைப் பார்க்கப் பாறைமேல் கவிழ்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இத மொதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?"

"மொதல் நாளு நீங்க கேக்கலையேண்ணே. 'எப்படியிருக்கு'ன்னுதான் கேட்டீங்க."

அன்றிலிருந்து சௌந்தரபாண்டி உண்ணியைப் பகையாளியாகவே நினைத்தார். ஞாயிறு மட்டும் போதாமல் புதனும் வந்தார். தை பிறப்பதற்குள் கிழக்குச் சரிவு முழுவதும் அவர் கையால் சுத்தமாகிவிட்டது.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சரிவு, இதைவிடப் பெரியது, யாரும் தொடாமல் கிடந்தது. அதைத் தன் பொறுப்பில் விட வேண்டும். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, "நீ அங்க, நீ இங்க" என்று நிறுத்த வேண்டும். நிலையத்தில் மணி அடித்தால் அவர் பெயரைச் சொல்லித்தான் ஓடிவருவார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அது அவருக்கு வலித்தது. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

"டீச்சர், அந்தச் சரிவ என்கிட்ட விடுங்க."

"பாப்போம்ணே."

"இந்தச் சரிவப் பாத்தீங்கள்ல? ஒரு குச்சி பாக்கியில்ல."

"ஒண்ணு இருக்கு."

இருந்தது. சரிவின் நடுவில் ஒரே ஒரு உண்ணிப் புதர், வட்டமாக, ஆள் உயரத்துக்கு. அதில் கை வைக்கக் கூடாது என்று டீச்சரே சொல்லியிருந்தார்.

"அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். அத மட்டும் என்னத்துக்கு விட்டு வச்சிருக்கீங்க?"

"உள்ள போயிப் பாருங்க."

சௌந்தரபாண்டி அந்த வயதில் மண்டியிட்டார். பிறகு குப்புறப் படுத்தார். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. உள்ளே அரையிருட்டில், ஈர மண்ணில், இடுப்பு உயரத்துக்கு ஒரு வேங்கைக் கன்று நின்றது. கரட்டில் அது ஒன்றுதான். எந்த மலையில் நிற்கும் மரத்திலிருந்து காற்று கொண்டுவந்து போட்டதோ.

அவர் வெளியே வந்தபோது தலையெல்லாம் பூவும் சருகும்.

"நல்ல கன்னு. இந்தச் சனியன எடுத்துட்டு அதுக்கு ஒரு வேலி போட்ருவோம்."

"ஆட்டு வாய்க்கு மேல அது எந்திரிக்கட்டும்ணே. அப்பறம் எடுத்துக்கிருவோம். அதுவரைக்கும் பழத்த மட்டும் பறிச்சிருங்க, வெத பரவாம."

"அதுக்கு நான் பழம் பறிக்கணுமா?"

"ஆமா."

"டீச்சர், எங்க வேலையில ஒரு நெருப்புக் கங்கக்கூட மிச்சம் வச்சிட்டு வர மாட்டோம். விடிஞ்சா அதே வீடு மறுபடி எரியும்."

டீச்சர் தலையாட்டினார். அது சரிதான் என்பது போலவும் இருந்தது, இல்லை என்பது போலவும் இருந்தது.

சௌந்தரபாண்டி பழம் பறித்தார். வாராவாரம் பறித்தார். பகையாளிக்குப் பேன் பார்த்துவிடுவது போல அவமானமாக இருந்தது.

மாசியில் நகரத்திலிருந்து புதிதாகச் சில பேர் கூட்டத்தில் சேர வருவதாக இருந்தது. அந்த ஞாயிறு கிழக்குச் சரிவைத்தான் காட்டப்போகிறார்கள். சுத்தமான சரிவின் நடுவில் அந்த வட்டப் புதர் தெரியும். 'இத ஏன் விட்டீங்க' என்று கேட்பார்கள். கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் தனியாக வந்தார். முண்டுக்குக் கீழே வெட்டினார். ஒரு வேர்கூட விடவில்லை. புதரை வெளியே இழுத்துப் பாறைமேல் கவிழ்த்தார். வேலையில் குற்றம் சொல்ல முடியாது.

கன்று சற்றுச் சாய்ந்தது. நிழலிலேயே வளர்ந்ததால் தண்டு மெலிந்து நீண்டிருந்தது. ஒரு குச்சி ஊன்றிக் கட்டினார். சுற்றிலும் மூங்கில் நட்டுப் பச்சை வலை கட்டினார். தூர நின்று பார்த்தார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஞாயிறு காலையில் எல்லோரும் வந்தபோது வலை ஒரு பக்கம் கிழிந்து கிடந்தது. குச்சி நின்றது. குச்சியில் கட்டிய கயிறும் இருந்தது. கன்று இல்லை. விரல் உயரத்துக்கு ஒரு கட்டை மட்டும் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

புதிதாக வந்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. பழையவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

கரட்டில் ஆடு மேய்க்கிறவர் ஒச்சம்மா. சற்றுக் கீழே நின்றிருந்தார். சௌந்தரபாண்டி வேகமாக அவரிடம் இறங்கினார்.

"ஏம்மா, கண்ணு தெரியாதா? வலை கட்டியிருக்குல்ல?"

"எனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரியுமா?"

"இது எவ்வளவு பெரிய மரமா வரவேண்டியது தெரியுமா?"

"வருசக் கணக்கா இங்கனதான் மேய்க்கிறேன். இப்படி ஒரு கன்னு நின்னதே எனக்குத் தெரியாது. நீங்கதானய்யா காட்டிக் குடுத்தீங்க."

சௌந்தரபாண்டி மேலே ஏறி வந்தார். ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. எரிகிற வீடுகளுக்குள் போய் வந்தவர். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது போன்ற வெட்கத்தை யாரும் அங்கே பார்த்ததில்லை.

டீச்சர் கட்டைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விரலால் மண்ணைக் கொஞ்சம் விலக்கினார். மூடினார்.

"நான் நாளையிலருந்து வரல டீச்சர்."

"வேர் நல்லாயிருக்கு," என்றார் டீச்சர்.

"என்னது?"

"வேங்கை சுலபத்துல விடாது. வேர் இருக்கு. தண்டுதான் போச்சு."

சௌந்தரபாண்டியும் உட்கார்ந்தார்.

"இரும்பு வேலி போட்ரவா? என் செலவு."

"போடுங்க. வெயில என்ன செய்வீங்க?"

"தண்ணி ஊத்துறேன்."

"ஊத்துங்க. பன்னி வந்து வேரத் தோண்டுனா? சருகு பத்துனா?"

"அப்ப என்னதான் செய்யிறது? மறுபடி உண்ணியக் கொண்டாந்து நடச் சொல்றீங்களா?"

"வேணாம். அது செஞ்ச வேலைய யாராச்சும் செஞ்சாப் போதும்."

"யாரு?"

டீச்சர் எழுந்து, புதியவர்களுக்குக் கடப்பாரை பிடிக்கக் காட்டிக்கொடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஒச்சம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு ஏறியபோது, கிழக்குச் சரிவின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. நாற்காலியில் சௌந்தரபாண்டி இருந்தார். கையில் குடை. குடை அவர் தலைக்கு மேல் இல்லை. கட்டைக்கு மேல் இருந்தது.

"மரத்துக்கு வாட்ச்மேனா?" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். அவரும் சிரித்துப் பார்த்தார். சரியாக வரவில்லை.

பங்குனி வெயில் அவரைக் கறுக்க வைத்தது. ஆடு வந்தால் எழுந்து கை தட்டுவார். முதலில் திட்டிக்கொண்டே தட்டினார். பிறகு வெறுமனே தட்டினார். பிறகு எழுந்து நின்றாலே ஆடுகள் விலகிப் போயின. ஒச்சம்மா தூக்குவாளியிலிருந்து கொஞ்சம் கூழ் ஊற்றிக் கொடுப்பார். சண்டை எப்போது முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. நாற்காலியில் இருந்தபடியே கைக்கு எட்டுகிற உண்ணி முளைகளைப் பிடுங்கினார். பிறகு நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்தபோதுதான் மற்ற முளைகள் தெரிந்தன. உசிலை எது, உண்ணி எது என்று ஆரம்பத்தில் தெரியாது. தெரியாததைப் பிடுங்காமல் விட்டார். ஒரு வாரம் போனால் அதுவே தெரியவைத்தது.

சித்திரை பிறந்ததும் ஒரு கோடை மழை பெய்தது. அதற்கு மறுவாரம் டீச்சருக்குப் போன் வந்தது. வகுப்பு நேரம் என்றும் பார்க்காமல் சௌந்தரபாண்டி கத்தினார்.

"டீச்சர், ரெண்டு!"

"என்ன ரெண்டு?"

"துளிரு! ரெண்டு துளிரு! செவப்பா, பாப்பா காது மாதிரி இருக்கு டீச்சர்."

டீச்சர் பிள்ளைகள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அந்த ஐப்பசியில் கன்று முழங்காலுக்கு வந்தது. அதற்கு அடுத்த ஐப்பசியில் ஒச்சம்மாவின் மூத்த கிடா பின்னங்காலில் எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. உச்சித் துளிர் எட்டவில்லை. ஏமாந்து போனது. சௌந்தரபாண்டி கிடாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் அவர் நாற்காலியை வீட்டுக்கு எடுத்துப் போனார். இப்போது சரிவில் நின்றது வேங்கை மட்டும் அல்ல. அவர் தெரியாமல் விட்டுவைத்த உசிலையும் வெப்பாலையும் அங்கங்கே தலைகாட்டிக்கொண்டிருந்தன. புல் வந்திருந்தது. காலையில் காடைகள் குறுக்கே ஓடின.

அடுத்த ஞாயிறு வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இருவரும் டம்ளரோடு ஓடை ஓரம் வரை நடந்தார்கள். அந்தப் பக்கத்துச் சரிவு முழுக்க உண்ணி பூத்திருந்தது.

"அண்ணே, இந்தச் சரிவ நீங்க எடுத்துக்கிறீங்களா?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி. சௌந்தரபாண்டி ஓடைக்கு இன்னும் கிட்டே போனார். பூவைப் பார்த்தார். பூவுக்குக் கீழே இருந்த இருட்டை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள என்னென்ன இருக்குன்னு தெரியலையே டீச்சர்."

"எனக்கும் தெரியாது."

"மறுபடி எதையாச்சும் நான் கெடுத்துட்டா?"

"கெட்டாலும் கெடும்."

"பெறகு எதுக்கு என்னயக் கேக்குறீங்க? தப்புப் பண்ணாத ஆளு எத்தன பேரு இருக்காங்க. அவங்களக் கேளுங்க."

டீச்சர் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார்.

"கேட்டேன்ணே. எல்லாரும் உடனே சரின்னுட்டாங்க."