வரம்புக்குக் கீழே

பதினோரு ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் நடத்திவிட்டு, நாற்பத்து நாலாம் வயதில் நரம்பைப் பற்றி ஆராய வேண்டுமென்று பேராசிரியை பெர்னதெத்திடம் மாணவராகச் சேர்ந்தவர் அறவாழி. ஆசிரியை அவரைவிட ஆறு வயது இளையவர்.

அறவாழியின் தங்கை தேன்மலர் தன்னை மாய்த்துக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்து இருபதாம் நாள் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஆறு மாசத்துல அஞ்சு தடவை போன்ல கூப்பிட்டா மேடம். தூக்கம் வரலைன்னா. செடியெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்னா. எல்லாத்துக்கும் ‘சரிம்மா’ன்னேன். எனக்கு ஏன் எதுவுமே உறைக்கல?”

பெர்னதெத் நுண்ணோக்கிப் பக்கம் திரும்பினார். அதன் கீழே நத்தையின் நரம்பு செல் ஒன்றில் கண்ணாடி ஊசி இறங்கியிருந்தது. செல் துடித்தால் திரையில் கோடு செங்குத்தாக எழும். ஒலிபெருக்கியில் ‘டிக்’ என்று கேட்கும்.

மிகச் சிறிய மின்சாரத் துளி ஒன்றைச் செலுத்தினார். கோடு லேசாக மேடிட்டது. பிறகு வந்த சுவடில்லாமல் அடங்கியது. சத்தமில்லை.

சற்றுப் பொறுத்து இன்னொன்று. அதுவும் அடங்கியது. இப்படி ஐந்து முறை.

“இதுக்குக் கேக்கலையா?” என்றார் அறவாழி.

“கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் மேடு தெரிஞ்சுதே. துடிக்கற வரம்பைத் தொடறதுக்குள்ள வடிஞ்சுபோச்சு.”

“அஞ்சும் சேர்ந்து வந்திருந்தா?”

பெர்னதெத் தயங்கினார். “வேண்டாமே.”

“காட்டுங்க மேடம்.”

அதே ஐந்தையும் இடைவெளியில்லாமல் செலுத்தினார். மேட்டின் மேல் மேடு ஏறியது. கோடு சட்டென்று செங்குத்தாகப் பாய்ந்தது.

டிக்.

அறவாழி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இடைவெளி விட்டுத்தான் கூப்பிடுவா,” என்றார். “என் வேலை கெட்டுடக் கூடாதாம்.”

பெர்னதெத் ஒலிபெருக்கியை அணைத்தார்.

“இதே பாடத்தை வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு நடத்தியிருக்கேன் மேடம்.”

“தெரியும்.”

“இப்ப வரம்பே இல்லாத மாதிரி எதுக்கெடுத்தாலும் பதறுது. பால்காரர் மணியடிச்சாக்கூட எழுந்து ஓடறேன். போன் அடிக்காதப்பவும் எடுத்துப் பாக்கறேன். இது எப்ப அடங்கும்?”

பெர்னதெத் அவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடங்காது சார்,” என்றார்.